தடுப்பூசிக்குப் பிந்தைய அரைமணி நேரம்

இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தேசியத் தடுப்பூசி அட்டவணையின்படி பிறந்தவுடனும், 6, 10, 14ஆம் வாரங்களிலும், ஒன்பது மாதம் நிறைந்த பின்னரும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் தடுப்பு மருந்துகள் அளிக்கப்படுகின்றன. நோய்த்தடுப்புக்காகவே வகுக்கப்பட்ட இந்த அட்டவணைக்குள் இன்னொரு வாய்ப்பும் பொதிந்திருக்கிறது. மூளை மிக விரைவாக உருப்பெறும் முதல் இரண்டு ஆண்டுகளில், ஒரே குழந்தையை, அதனை வளர்ப்பவரோடு சேர்த்து, பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ ஏறத்தாழ ஆறு முறை நேரில் காண்கிறார். அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்றாம் வயதில்தான் தொடங்குகிறது. பள்ளியோ அதற்கும் பின்னர்தான் வருகிறது. ஆகவே, குழந்தையின் வளர்ச்சியில் ஏற்படும் தடுமாற்றத்தை வீட்டுக்கு வெளியே முதன்முதலில் கண்டறியக்கூடிய இடம் ஊசி போடும் அறையே ஆகும்.

மேலும், ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பின்னரும் ஒவ்வாமை போன்ற எதிர்விளைவு ஏதேனும் தோன்றுகிறதா என்று பார்ப்பதற்காகக் குழந்தையை அரைமணி நேரம் மையத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் புதன்கிழமைதோறும் தாய்மார்கள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருக்கும் அந்த அரைமணி நேரம், பெரும்பாலும் வெறும் காத்திருப்பாகவே கழிந்துவிடுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் குடும்பத்தின் நலனுக்கும் மருத்துவத்துறை செய்யக்கூடியவற்றுள் பெரும்பகுதியை அந்த நேரத்துக்குள்ளேயே செய்ய முடியும் என்பதற்கு அறிவியல் போதிய ஆதாரம் தந்திருக்கிறது.

அனுபவத்தால் உருப்பெறும் மூளை

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கிறது. இரண்டாம் ஆண்டு நிறைவதற்குள் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. புதிய நரம்பணுக்கள் பிறப்பது இதற்கு முதன்மைக் காரணமன்று. இருக்கும் நரம்பணுக்கள் கிளைவிட்டு நீண்டு, ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் நரம்பிணைப்புகளை ஏராளமாக உருவாக்குவதும், நரம்பிழைகளின்மீது மயலின் எனப்படும் கொழுப்புறை படிந்து செய்தி விரைந்து பாய வழிசெய்வதுமே இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள். தொடக்கத்தில் தேவைக்கு அதிகமாகவே தோன்றும் இந்த இணைப்புகளில் அடிக்கடி பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை நீக்கப்படுகின்றன. இன்ன பருவத்தில் இன்ன திறன் அரும்ப வேண்டும் என்ற பொதுத் திட்டத்தை மரபணு வகுத்துத் தருகிறது என்றால், எந்த இணைப்பு நிலைக்கும் எது மறையும் என்பதைப் பெருமளவு அன்றாட அனுபவமே முடிவு செய்கிறது.

இதனை ஐயமறக் காட்டியவர்கள் 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்குபெற்ற டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் ஆவர். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, கண்ணில் குறையேதும் இல்லாதபோதும், அந்தக் கண் அனுப்பும் செய்தியை ஏற்கும் திறனை மூளையின் பார்வைப் பகுதி பெரிதும் இழந்துவிட்டிருந்ததை அவர்கள் கண்டனர். பிறவிக் கண்புரையோடு பிறக்கும் மனிதக் குழந்தைக்கும் இதுவே நேர்கிறது. முதல் சில வாரங்களுக்குள் புரை நீக்கப்பட்டால் பார்வை வளர வாய்ப்புண்டு. பல ஆண்டுகள் கழித்து நீக்கினால் கண் தெளிந்தாலும் மூளை காணக் கற்பது அரிதாகிவிடும். பச்சிளங்குழந்தையின் கண்ணில் கருவி வழியாக ஒளியைப் பாய்ச்சி, செந்நிற எதிரொளி தெரிகிறதா என்று மருத்துவர் பார்க்கும் சில வினாடிச் சோதனையின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

செவிக்கும் இவ்வாறே ஒரு காலவரம்பு உண்டு. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புத்திறனைச் சோதிப்பது, குறை ஐயுறப்பட்டால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கேட்புக்கருவியும் பயிற்சியும் தொடங்குவது என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. தைராய்டுச் சுரப்பு பிறவியிலேயே குறைந்திருக்கும் குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தின் மூலம் அதனைக் கண்டறிந்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தரத் தொடங்கினால், அறிவு வளர்ச்சி குன்றுவதைத் தடுத்துவிடலாம். இரும்புச்சத்தோ மயலின் உறை உருவாவதற்கும் நரம்புகளின் வேதிச் செய்திகளுக்கும் இன்றியமையாதது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 57 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு வாரம் இருமுறை 1 மில்லிலிட்டர் இரும்புச்சத்து சிரப் தரவேண்டும் என்ற அரசுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் புட்டி வீட்டில் திறக்கப்படுகிறதா, மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்தப்பட்டதா என்று கேட்கும் ஒரு கேள்வியே மூளை வளர்ச்சிக்குச் செய்யும் உதவியாகும்.

முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல்

ஊட்டமும் புலன்களும் நலமாக இருந்தாலும் மூளைக்கு வேண்டிய இன்னொன்று மனித முகத்திலிருந்தே வர வேண்டும். இரண்டு மாதக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறது. தாய் சிரித்து ஒரு சொல் சொல்கிறாள். குழந்தை காலை உதைத்து ஓசை எழுப்புகிறது. தாய் அதே ஓசையைத் திருப்பித் தருகிறாள். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை நிகழும் இந்தக் கொடுக்கல் வாங்கலை வளர்ச்சி உளவியலார் ‘எதிர்வினையுள்ள பராமரிப்பு’ என்பர். குழந்தை தரும் குறிப்பை அறிந்து, காலந்தாழ்த்தாமல், அதற்கேற்ற மறுமொழி தருவதே அதன் பொருள். மொழி, கவனம், உணர்ச்சிகளை அடக்கியாளும் திறன் ஆகிய மூன்றும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் அமைத்த ஒரு சோதனை இதனை மிக அருகிலிருந்து காட்டியது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சொல்லி வைத்தபடி, சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. பின்னர் கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. தாயின் முகம் மாறாதபோது பார்வையைத் திருப்பிக்கொண்டு உடல் தளர்ந்து அழுகிறது. தாய் மீண்டும் சிரித்துக் கொஞ்சும்போது குழந்தை மெல்ல மெல்ல மீள்கிறது. ஒரு முகம் சில நிமிடங்கள் மறுமொழி தராமற்போவதே சிசுவை இவ்வளவு குலைக்கும் எனில், அது வாரக்கணக்கில் நீடிக்கும் வீடுகளைப் பற்றி மருத்துவத்துறை கவலைப்பட்டே ஆக வேண்டும்.

பதினேழு கோடுகளும் ஒரு பென்சிலும்

குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதற்குத் திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் தலைமையில் உருவான ‘திருவனந்தபுரம் வளர்ச்சிச் சல்லடை அட்டவணை’ நல்ல சான்று. பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்குமான இந்த ஒற்றைத்தாள் அட்டவணையில் பதினேழு திறன்கள் பதினேழு கிடைக்கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன. முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், குப்புறப் புரளுதல், பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுதல், கைதட்டி விளையாடுதல், தானே நடத்தல், இரண்டு சொற்கள் பேசுதல், பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுதல் போன்றவை அவை. ஒவ்வொரு கோட்டின் இடமுனையும் நூற்றில் மூன்று குழந்தைகள் அத்திறனைப் பெறும் வயதையும், வலமுனை நூற்றில் தொண்ணூற்றேழு குழந்தைகள் பெற்றுவிடும் வயதையும் குறிக்கின்றன. குழந்தையின் வயது நிற்கும் இடத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைத்ததும், அதற்கு இடப்புறமாக முழுவதும் முடிந்துவிட்ட கோடுகளின் திறன்கள் யாவும் அந்தக் குழந்தைக்கு வந்திருக்க வேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒன்று வரவில்லை என்றால் விரிவான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை நோயை உறுதிப்படுத்துவதன்று. யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை மட்டுமே.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பென்சிலை வைப்பதற்குமுன் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் நிறைகிறது என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதன் திருத்திய வயது நான்கு மாதமே. இக்கணக்கை விளக்கிச் சொல்லாத ஒரே காரணத்தால் தேவையற்ற அச்சத்தில் வாழும் குடும்பங்கள் பல.

குழந்தையின் பருவங்களை உற்றுநோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஒட்டக்கூத்தர் காலம் முதல் வளர்ந்துவந்த பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து அமைகிறது. கையூன்றித் தலையெடுத்து ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும், கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும், தளர்நடையிட்டு வரும் வாரானைக்கு ஓராண்டை ஒட்டிய காலமும் சொல்லப்படுவது வழக்கு. திருவனந்தபுரம் அட்டவணையில் கைதட்டி விளையாடுதலும் தானே நடத்தலும் இடம்பெற்றிருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தையோடு விளையாட நிலவை அழைக்கும் அம்புலிப் பருவத்தின் அடிப்படையும் கருதத்தக்கது. தாய் நிலவைச் சுட்டிக்காட்ட, குழந்தை அவள் விரல்நுனியைப் பாராமல் விரல் காட்டும் திசையைப் பார்ப்பதும், பின்னர் தானே விரல் நீட்டிக் காட்டி அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் ‘கூட்டுக் கவனம்’ எனப்படும் மிக முக்கியமான திறனாகும். ஒன்றரை வயதாகியும் குழந்தை விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்துக்கான சோதனையையும் கேட்புத்திறன் சோதனையையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் வீட்டின் ஆறுதல் மொழியில் ஒளிந்துகொள்கிறது. “இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்வதும், அதனை மருத்துவரும் தலையசைத்து ஏற்பதும், சிகிச்சைக்கு மிகவும் உகந்த மாதங்களைப் பறித்துவிடுகின்றன. இதற்கு நேர்மாறாக, “எனக்கென்னவோ பிள்ளை சரியாப் பார்க்கலன்னு தோணுது” என்று தாய் சொல்லும் ஒரு வாக்கியம் எந்த அட்டவணைக்கும் குறையாத மதிப்புள்ள தகவலாகும். அதனைக் கேட்ட அன்றே சோதித்துப் பார்ப்பதுதான் முறை. 2013இல் இந்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைபாடு, ஊட்டக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை கண்டறிவதற்காக வகுக்கப்பட்டது. அதன்வழி அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்ற வகை செய்யப்பட்டிருக்கிறது. ஊசி போடும் அறையிலிருந்து அந்த மையத்துக்குச் செல்லும் ஒரு பரிந்துரைச் சீட்டும், குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த வருகையில் விசாரிப்பதும் சேர்ந்தால்தான் சல்லடையின் பயன் முழுமையாகும்.

தாயின் நலமும் குழந்தை மருத்துவமே

குழந்தைக்கான சீட்டில் தாயின் பெயர் துணைக்குறிப்பாகவே எழுதப்படுகிறது. ஆனால் முதல் ஆண்டில் குழந்தையின் உலகம் பெரும்பாலும் தாயின் மனநிலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, பேறு முடிந்த கிராமப்புறப் பெண்களில் 11 விழுக்காட்டினருக்கு மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு புதிதாகத் தோன்றியதைக் கண்டறிந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதனோடு தொடர்புடையனவாக அங்கே காணப்பட்டன. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் குடும்பத்துக்குள் உள்ளவை; ஆகவே மருத்துவர் பேச வேண்டிய இடமும் குடும்பமே.

1987இல் வெளியான எடின்பரோ பேற்றுப்பின் மனச்சோர்வு அளவுகோல் பத்தே கேள்விகளைக் கொண்டது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னையே நொந்துகொண்டதுண்டா, உறக்கம் வராத அளவுக்குத் துயருற்றதுண்டா என்பன போன்ற எளிய கேள்விகள் அவை. தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்ற கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற சாயலில் விடை வந்தால், அந்தத் தாயைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் அன்றே மனநல உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். பத்துக் கேள்விகளுக்கும் நேரமில்லாத நாளிலும், “பிள்ளை நல்லா இருக்கு, நீங்க எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு விடைக்காகச் சற்றே காத்திருப்பது எந்தச் செவிலியருக்கும் இயலும்.

கேட்டபின் என்ன செய்வது என்ற தயக்கத்துக்கும் விடை உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனநலப் பட்டம் ஏதுமில்லாத பெண் சுகாதாரப் பணியாளர்கள், மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கே சென்று, நலிவூட்டும் எண்ணங்களை இனங்கண்டு மாற்றிக்கொள்ளும் எளிய உரையாடல் முறையைக் கடைப்பிடித்தனர். 2008இல் வெளியான இதன் முடிவுகளின்படி, பேறு முடிந்து ஆறு மாதத்தில், இவ்வுதவி பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வோடு இருந்தனர். வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் அது 53 விழுக்காடாக இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்களின் வலுவான அமைப்பைப் பல பத்தாண்டுகளாகக் கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்கு இது எட்டாத செயலன்று.

அறிவுரை குறைவு, செய்துகாட்டல் மிகுதி

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை 2018இல் வெளியிட்ட ‘பேணி வளர்த்தல்’ சட்டகம், நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், எதிர்வினையுள்ள பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்ககாலக் கற்றல் என ஐந்தையும் ஒரே கட்டாகப் பார்க்கிறது. இவற்றில் முதல் இரண்டில் மருத்துவத்துறை தேர்ந்திருக்கிறது. பின்னவற்றையும் கற்பிக்க முடியும் என்பதற்கு ஜமைக்கா நாட்டின் ஆய்வு வலுவான சான்று. 1986–87இல் சாலி கிரந்தம்–மெக்கிரிகர் தலைமையிலான குழு, ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை, ஒருமணி நேரம் என்ற அளவில் சமுதாய சுகாதார உதவியாளர் இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு விளையாடும் முறைகளைத் தாய்க்குக் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம், பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இம்முறையின் உயிர்நாடி சொற்பொழிவு அன்று. செவிலியர் முதலில் தாயும் குழந்தையும் பழகுவதைப் பார்க்கிறார். தாய் ஏற்கெனவே நன்றாகச் செய்யும் ஒன்றைக் கண்டு அதனை வெளிப்படையாகப் பாராட்டுகிறார். பிறகே புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லி, தம் கண்முன்னே தாய் அதனைச் செய்துபார்க்கும்படி விடுகிறார். கழுவிய பிளாஸ்டிக் புட்டிக்குள் சில பெரிய மணிகளை இட்டு இறுக மூடினால் கிலுகிலுப்பை. எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் ஒன்பது மாதக் குழந்தைக்குப் போதுமான ஆய்வுக்கூடம். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வது மொழிப் பாடம். அமெரிக்காவில் 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ என்னும் திட்டத்தில், குழந்தை மருத்துவர் வழக்கமான பரிசோதனையின்போதே ஒரு படப்புத்தகத்தைக் குழந்தையின் கையில் தந்து, அதனைச் சேர்ந்து படிப்பது எப்படி என்று பெற்றோருக்குக் காட்டுகிறார். குழந்தை அப்புத்தகத்தைப் பிடிக்கும் விதம், படத்தைச் சுட்டும் விரல், எழுப்பும் ஓசை ஆகியவை மருத்துவருக்கு வளர்ச்சிச் சோதனையாகவும் அமைந்துவிடுகின்றன.

கைப்பேசியைப் பற்றிய அறிவுரையும் இவ்வாறே தரப்பட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரைப் பொழுதுபோக்கை உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. ஆனால் ஒற்றை ஆளாய்ச் சமைத்து, துவைத்து, குழந்தைக்கும் ஊட்டும் தாயிடம் கைப்பேசியைக் காட்டாதே என்று கடிந்துகொள்வதால் குற்றவுணர்வே மிஞ்சும். சோறூட்டும் நேரத்தில் தந்தையோ பாட்டியோ செய்யக்கூடிய பங்கு என்ன என்று உடன் வந்தவரிடமே கேட்டு, அவரையும் பொறுப்பில் சேர்ப்பதுதான் பலன் தரும்.

வேலைப் பங்கீடு

நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளர் பிரிவில் இவற்றுக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, எல்லாவற்றையும் மருத்துவர் ஒருவரே செய்ய வேண்டியதில்லை என்பதுதான். எடை பார்க்கும் பணியாளர், தாய்சேய் நல அட்டையில் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும் வளர்ச்சிப் படங்களைத் தாயிடம் காட்டி, குழந்தை செய்பவற்றைக் குறித்துவிடலாம். ஊசி போட்டபின் வரும் அரைமணி நேரத்தில், ஒரு பாயும் நான்கைந்து விளையாட்டுப் பொருள்களும் உள்ள மூலையில், செவிலியர் ஒருவர் ஐந்தாறு தாய்மாரை ஒன்றாக அமர்த்தி, ஒரே ஒரு விளையாட்டைச் செய்துகாட்டலாம். அங்கேயே யாருடைய முகம் வாடியிருக்கிறது என்பதையும் கண்டுகொள்ளலாம். ஐயத்துக்குரிய குழந்தையும் சோர்ந்த தாயும் மட்டுமே மருத்துவரின் மேசைக்குச் சென்றால் போதும்.

பெற்றோரும் இதில் தம் பங்கைக் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த தடுப்பூசி நாளில், “ஊசி போட்டாச்சு, கிளம்பலாமா?” என்று கேட்பதற்குமுன், “இந்த வயசுக்கு என் பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் செய்யுதா?” என்று ஒருமுறை கேட்டுவிடுவது ஒவ்வொரு பெற்றோரின் உரிமை, அதற்கு நின்று விடை சொல்வது மருத்துவத்துறையின் கடமை.